ஆத்தாவுக்கு வழி சொன்ன தனபாக்கியம்

டாக்டரம்மா படம் போட்டு எல்லாத்தையும் விளக்கிட்டாங்க. நீங்களும் கேட்டீங்க... ஆனா படத்தைப் பார்த்தவங்களைவிட தரையைப் பார்த்தவங்கதான் ஜாஸ்தி! சரி, நிமிருங்க. படத்தை எடுத்தாச்சு. நான் ஒரு குட்டிக் கதைதான் சொல்லப் போறேன், பயப்படாதீங்க.

எங்க தெருவுல தனபாக்கியம்னு ஒரு அம்மா. வாய்னா வாய், அப்படி ஒரு வாய்! தண்ணி லாரி லேட்டா வந்தா டிரைவரோட ஏழு தலைமுறையையும் இழுத்துருவாங்க. ரேஷன் கடை வரிசையில அந்தம்மா நின்னா, எடை போடுறவர் கை தானா நியாயத்துக்கு வந்துரும். வீட்டுக்காரர் ராசப்பன்... பாவம், அவரைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

அந்தத் தனபாக்கியம் ஒரு நாள் குளிக்கும்போது மார்புல ஒரு கட்டி கையில தட்டுப்படுது. சின்னதா, புளியங்கொட்டை மாதிரி. வலி இல்ல. அமுக்கிப் பார்க்கிறாங்க... இருக்கு. மறுநாள் பார்க்கிறாங்க... இருக்கு. யாருகிட்ட சொன்னாங்க? புருஷன்கிட்ட? ம்ஹூம். மகள்கிட்ட? ம்ஹூம். ஊரையே கிழிக்கிற வாய்... இதுக்கு மட்டும் திறக்கலைங்க!

நேரா மாரியம்மன் கோயிலுக்குப் போனாங்க. வாசல்ல வெள்ளித் தகடு விப்பாங்களே... எந்த இடத்துல நோவோ அந்த உருவத்தை வாங்கி உண்டியல்ல போடுவோம், ஆத்தா குணமாக்குவான்னு. கண்ணு, கை, காலு, வயிறு எல்லாம் வரிசையாத் தொங்கும். கடைக்காரம்மா பவளக்கொடி கேட்டாங்க, "என்ன தகடும்மா வேணும்?"

நம்மாளுக்கு வேர்த்து ஊத்துது. "அது... வந்து... கண்ணு குடுங்க!"

கண்ணை வாங்கி உண்டியல்ல போட்டுட்டு, ஆத்தா முன்னாடி நின்னு குசுகுசுன்னு சொல்றாங்க: "ஆத்தா... தகடுதான் கண்ணு. நோவு அங்க இல்ல. நீ கொஞ்சம் கீழ இறங்கிப் பாத்துக்க."

அடுத்த மாசம் கை. "ஆத்தா... அப்படியே தோள் வரைக்கும் வந்து உள்பக்கம் திரும்பிரு." அதுக்கு அடுத்த மாசம் வயிறு. "போன தடவை நீ தாண்டிப் போயிட்ட போல. இங்கேர்ந்து கொஞ்சம் மேல ஏறு ஆத்தா!"

ஆட்டோக்காரருக்கு வழி சொல்ற மாதிரி சாமிக்கு வழி சொல்றாங்க! சிரிக்கிறீங்க... நான் கேக்கிறேன், ஆத்தாவைக் கல்லுல செதுக்கினவர் அதை மட்டும் விட்டுட்டா செதுக்கினார்? அவளும் பொம்பளைதானே? அவகிட்ட என்ன வெட்கம்?

இதுக்குள்ள புளியங்கொட்டை நெல்லிக்காய் ஆயிருச்சு. மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்குது. அந்தம்மாவுக்கு ஒரே பயம்... பேரப்புள்ளையைத் தூக்க நான் இருப்பேனா?

மறுபடியும் தகடு கடை. "காலு குடுங்க."

பவளக்கொடி இடுப்புல கை வச்சுட்டாங்க. "ஏம்மா... கண்ணு வாங்கின. கை வாங்கின. வயிறு வாங்கின. இப்ப காலு! உடம்பை உதிரி உதிரியா வாங்கி, வீட்டுல ஒரு ஆளையே ஒட்டவச்சு நிறுத்தப் போறியா?"

சொல்லிட்டு, பலகைக்கு அடியில இருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினாங்க. உள்ள மார்புத் தகடு. "இதுவா?"

தனபாக்கியத்துக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. "இருக்கா! இதை ஏன்க்கா மேல தொங்க விடலை?"

"தொங்க விட்டா எவளும் கடைப் பக்கமே வர மாட்டேங்கிறா. நீ வருவியா?"

தனபாக்கியம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு முந்தானையில முடிஞ்ச காசை அவிழ்த்தாங்க.

"எடுத்துக்க. ஆனா ஒண்ணு தாயி... இந்த டப்பாவுல இருந்து வாங்கிட்டுப் போயி, ஆத்தாவுக்கு நன்றி சொல்லத் திரும்பி வந்தவங்க எல்லாருமே ஆஸ்பத்திரிக்கும் போனவங்க. மத்தவங்களை அப்புறம் நான் பார்க்கவே இல்ல."

அன்னைக்குச் சாயங்காலம் புருஷன்கிட்ட சொன்னாங்க. ராசப்பன் ஓன்னு அழுதுட்டார். "ஊருக்கே கேக்குற மாதிரி என்னைத் திட்டுவியேடி... இதைச் சொல்ல மட்டும் உனக்கு வாய் வரலையா?" மறுநாள் காலையிலயே கூட்டிட்டுப் போயிட்டார்.

டாக்டர் கேட்டார், "ஏம்மா இவ்வளவு நாள் வரலை?"

"வெட்கமா இருந்துச்சு டாக்டர்."

"உங்களுக்கு வெட்கம் சரி. அந்தக் கட்டிக்கு இருந்துச்சா? அது பாட்டுக்கு வளர்ந்துக்கிட்டுதானே இருந்துச்சு!"

ஒரு பக்க மார்பை எடுக்க வேண்டியதாப் போச்சுங்க. கண்ணு வாங்கின அன்னைக்கே வந்திருந்தா கட்டியை மட்டும் எடுத்து முடிச்சிருக்கலாம்னு டாக்டர் சொன்னார். அதுக்கப்புறம் மருந்து ஏத்தினாங்க, முடி கொட்டுச்சு, வாந்தி... அந்தம்மா சத்தமே இல்லாமப் படுத்துக் கிடந்தாங்க. தெருவே பயந்து போச்சு. ஒரு நாள் ராசப்பன் கஞ்சி வச்சுக் குடுத்தார். உள்ள இருந்து ஒரு குரல்... "இது கஞ்சியா, போஸ்டர் ஒட்டுற பசையா?" அவ்வளவுதான்! தண்ணி பிடிக்க நின்ன பொம்பளைங்க எல்லாம் குடத்தைக் கீழ வச்சுட்டுச் சிரிச்சாங்க. தனபாக்கியம் பொழைச்சுக்கிட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. இப்ப பேத்தி அவங்ககிட்ட திட்டு வாங்கிட்டு இருக்கா.

இதை எதுக்குச் சொன்னேன்? சாமி கும்பிடுங்க, வேணாங்கலை. கும்பிட்டுட்டு அப்படியே பஸ் ஏறி ஆஸ்பத்திரியில இறங்குங்க. எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்ல... ஆனா அதை நீங்க குளியலறையில நின்னு முடிவு பண்ண முடியாது. பின்னாடி நின்னு சிரிக்கிற ஆம்பளைங்களே, உங்க வீட்டுல வாயாடுறவங்க திடீர்னு வாயை மூடினா, நிம்மதின்னு டிவி பார்க்காதீங்க. என்னன்னு கேளுங்க.

இப்ப எல்லாரும் எங்கூட ஒரு தடவை சத்தமா சொல்லுங்க... மார்பு!... என்னங்க, ஆம்பளைங்க குரல்தான் வருது? பொம்பளைங்க?... இன்னொரு தடவை?...

சரி, விடுங்க. வாயால சொல்ல வேணாம் தாயி. அதோ நிக்குதே பரிசோதனை வண்டி, உள்ள இருக்கிறது அத்தனையும் பொம்பளைங்க. எந்த இடம்னு கையை வச்சுக் காட்டுங்க, அது போதும். எந்திரிங்க... வாங்க.