அமலியிடம் சொன்ன பொய்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தங்கவேலு ஐயா அவர்களே! தன்லியின் ஊரிலிருந்து பாலம் கடந்து வந்திருக்கும் தாய்மாரே! கியாக்தானிலிருந்து விடியலிலேயே பஸ் ஏறிய என் பங்காளிகளே! நம் அலோன் பேட்டைப் பெருமக்களே! என் தங்கை அமலியின் முதலாண்டு நினைவு நாளில், அகஸ்டின் ஆகிய நான் உங்கள் முன் நிற்கிறேன்.

இருபது ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கிக்குமேல் குனிந்தவன் நான். நோயைக் கண்டேன்; நோயின் வேரைக் கண்டேன். கண்டு என்ன பயன்? காக்க முடிந்ததா?

முப்பத்திரண்டு வயதில் அமலிக்கு மார்பில் கட்டி. மாமியார் வீட்டில் தனித்தட்டு வைத்தார்கள். ஒட்டிக்கொள்ளும் என்றார்கள், பாவம் செய்தவள் என்றார்கள்.

“அண்ணே, நான் யாருக்கு என்னா கெடுதல் செஞ்சேன்? டாக்டரம்மாவ ஸயாமா ஸயாமான்னு கூப்பிட்டுக் கேட்டாலும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்க” என்று அழுதாள்.

“நீ ஒரு தப்பும் செய்யலம்மா. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் மரபணு இருக்கு. வளருன்னு சொல்ல ஒண்ணு, போதும்னு நிறுத்த ஒண்ணு. செல்லு பழுதாயிட்டா செத்துப்போன்னு சொல்லவும் ஒண்ணு. உனக்கு அது பொறக்கும்போதே பழுது” என்றேன்.

சாக வேண்டிய செல் சாகவில்லை, சபையோரே! வாழ வேண்டியவள் வாழவில்லை!

என்ன கேட்கிறீர்கள் அம்மா? மருந்து இல்லையா என்றா? இருந்தது, கொடுத்தோம், கட்டி கரைந்தது. ஆறே மாதத்தில் ஈரலில் முளைத்தது.

கடைசியில் ஒருநாள் கேட்டாள்: “இது அப்பாகிட்டேருந்து வந்துச்சா? அப்ப உனக்கும் இருக்கா அண்ணே?”

“பாத்துட்டேன். எனக்கு இல்ல.”

பொய்! நான் பரிசோதிக்கவே இல்லை. பயந்தேன். அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த பிறகுதான் ரத்தம் கொடுத்தேன். பாங்காக்கிலிருந்து முடிவு வந்தது. எனக்கும் அதே மரபணு, அதே பழுது.

பங்காளிகளே, உங்களுக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒளித்து வைத்தால் ஒழிந்துவிடுமா? அறியாதிருந்தால் அணுகாதிருக்குமா?

நேற்று என் மகள் ஆன்மேரியிடம் சொன்னேன். பத்தொன்பது வயது.

“எனக்கும் பாக்கணுமாப்பா?”

“பாக்கணும்மா.”

“இருந்தா?”

இருபது ஆண்டு நுண்ணோக்கியில் குனிந்தவன் நான், பெரியோர்களே! அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

நாளை அவளை ரத்தம் கொடுக்கக் கூட்டிப்போகிறேன். நீங்களும் வாருங்கள். பிழைத்துவிடுவோம் என்று வாக்குக் கொடுக்க இன்னொரு பொய் என்னிடம் இல்லை. யாரும் தனியாகப் போக வேண்டாம் என்று மட்டும் கெஞ்சுகிறேன்.

உடைந்த குரலைப் பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம். காலை ஏழு மணிக்குப் புறப்படுகிறோம்.