தெருலைட்ட அமத்திப் போட்டது நான்தான்

இல்ல மேடம், அந்தப் பக்கம் உக்காராதீங்க, நாய் படுத்துக் கெடக்கு. இந்தப் பக்கமா வாங்க. ஆங், இப்பிடி.

ஆமா, கம்பத்துல இருக்க சுவிச்ச அமத்தி அமத்திப் போட்டது நான்தான். ஒங்க ஆபீஸ்ல இருந்து ஆள் வரும்னு சொல்லிட்டுத்தான் முத்தாத்தா மதினி என் மேல மனு குடுத்துச்சு. தெருலைட்டு வெளிச்சத்துலதான் அது பொறவாசல்ல குளிக்கும். மூஞ்சியில சோப்போட நிக்கையில இருட்டாகி, மாட்டுக்கு வச்சிருந்த கழனித் தண்ணிய மோந்து தலையில ஊத்திருச்சு. பாவந்தான்.

நாய் கடிக்காது மேடம். நீங்க வந்ததே அதுக்குத் தெரியாது.

அந்தா, வாசல்ல நிக்காவல்ல, அவியதான் எங்க வீட்டுக்காரவுக. கொட்டாவி விடுத மாதிரி காட்டுதாவ பாருங்க, அது நீங்க. உள்ள வரும்போது கொட்டாவி விட்டீங்களாம், இனி ஒங்களுக்கு அதான் பேரு. கோவிச்சுக்கிடாதீங்க. அவியளுக்குப் பொறவியிலயே காது கேக்காது. எங்க ரெண்டு பேருக்கும் பேண்டேஜ் துணி நெய்யுத தறியிலதான் வேலை. அந்தச் சத்தத்துல எல்லாருக்கும் கைச்சாடைதான் பேச்சு. அங்க அவியதான் பெரிய பேச்சாளி. அதுல மயங்கித்தான் நான்... விடுங்க, வெக்கமா இருக்கு.

லைட்டுக்குத்தான் வாரேன் மேடம். போன புரட்டாசி சனிக்கிழமை மழை கொட்டுச்சுல்ல. ஓடையில தண்ணி ஏறுது, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கன்னு மைக் ஆட்டோ கத்திட்டுப் போச்சு. நான் ரேசன் கடையில நிக்கேன். அவிய பிள்ளையோட வீட்ல. தெருவே ஓடுதப் பாத்திருக்காவ. சனிக்கிழமைல்ல, பெருமாளுக்கு எங்கயோ அன்னதானம் போடுதாகன்னு நெனச்சு, பிள்ளைய இடுப்புல வச்சு, தூக்குவாளியத் தூக்கிட்டு அவியளும் ஓடிருக்காவ. நான் அழுதுகிட்டே பள்ளிக்கூடத்துக்குப் போனா, வாளிய நீட்டிக்கிட்டு மொத ஆளா நிக்காவ. அதப் பாத்துப் பின்னால ஒரு வரிசையே நிக்கி. சோறு இல்லன்னதும் எங்ககூடத்தான் சண்டை.

சிரிங்க, பரவால்ல. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து பாத்தா, பிள்ள படுத்திருந்த பாய் தண்ணியில மெதக்கு. அன்னைக்குச் சனிக்கிழமையா இல்லாம இருந்திருந்தா?

போன்லயா? வரும் மேடம், எச்சரிக்கை வரும், அதிரவும் செய்யும். ஆனா போன் மழையில நனைஞ்சதுன்னு அரிசிப் பானைக்குள்ள போட்டு வச்சிருந்தாவ. அரிசிதான் அதிர்ந்திருக்கும். அவியளுக்குப் படிக்கவும் தெரியாது. நான் அஞ்சாப்பு. எழுத்துக்கூட்டி முடிக்கதுக்குள்ள தண்ணி இடுப்புக்கு வந்துரும்.

அதுக்குத்தான இந்த நாயே வந்துச்சு. மைக் சத்தம் கேட்டா வேட்டியப் புடிச்சு இழுக்கும்னு, ராஜபாளையம் போயி வெள்ளவெளேர்னு சாதி நாயாப் பாத்து வாங்கிட்டு வந்தாவ. தீவாளிக்குப் பக்கத்துலயே சரவெடி போட்டோம். காத ஆட்டிட்டு ஒறங்குது. அந்த வெள்ளையில சிலது பொறக்கும்போதே காது கேக்காமப் பொறக்குமாமே? வித்தவன் சொல்லல. திருப்பிக் குடுத்துட்டு வாங்கன்னேன். மாட்டேன்னு கட்டிப் புடிச்சுக்கிட்டாவ. இப்ப ரெண்டு பேரும் ஒண்ணா ஒறங்குதாவ.

பொறவுதான் தெருலைட்டு. மூணு தடவ அமந்து எரிஞ்சா ஓடணும்னு சொல்லி வச்சேன். முந்தாநாள் சாயங்காலம் மைக் ஆட்டோ வரவும் ஓடிப்போயி போட்டேன். பிள்ளையையும் நாயையும் தூக்கிட்டு அவிய ஓட, தெருவே பின்னால ஓடுது. ரெண்டு மூணு பேரு கையில தூக்குவாளி வேற.

ஆமா மேடம், குப்பையப் பிரிச்சுப் போடச் சொல்ல வந்த ஆட்டோதான். எனக்குச் சத்தம்தான் வந்துச்சு, என்ன சொல்லுதாகன்னு வெளங்கல.

இனி தொட மாட்டேன், சத்தியமா. ஆனா அந்த மைக் ஆட்டோ மேல ஒரு செவப்பு லைட்டு போட்டுத் தாங்க, ஆம்புலன்ஸ்ல சுத்துமே, அது மாதிரி. வெள்ளத்துக்கு மட்டும் சுத்தட்டும், குப்பைக்கு வேண்டாம்.

நீதான் கூடவே இருக்கியே, நீ சொல்லலாமேங்கீங்க. சொல்லலாம். தறிச் சத்தத்துலயே இருந்ததுல எனக்கு எடது காது போயிருச்சாம். வலதும் கொஞ்ச நாள்தானாம். போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில சொன்னாக. ஒங்கள இந்தப் பக்கம் உக்கார வச்சதும் அதுக்குத்தான். நாய் பாவம், அது எங்க கெடந்தா என்ன.

மூஞ்சிய அப்பிடி வைக்காதீங்க மேடம், அவிய பாக்காவ. செத்த சிரிங்க. அவியட்ட இன்னும் சொல்லல. சொன்னா இன்னொரு நாய் வாங்கிட்டு வந்துருவாவ.