இரண்டாம் குப்பி

பன்றிக்குட்டி தூக்கத்தில் சிரிக்கும். தாயின் மடியை விட்டு வாய் நழுவிய பிறகும் உதடு மட்டும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பார்க்கிறவனுக்குச் சிரிப்பு போலத் தோன்றும். அதைப் பார்த்துக்கொண்டு பகல் முழுவதும் உட்கார்ந்திருக்க என்னால் முடியும். இதை முதலில் எழுதுவது, நான் கொடுமைக்காரன் அல்ல என்று இன்ஸ்பெக்டர் ஐயாவுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

என் பெயர் தங்கையன். பாறசாலைக்குப் பக்கத்தில் கொல்லயில் என்கிற ஊர். கருணாகரன் முதலாளியின் பன்றிப் பண்ணையில் கூலிவேலை. என் பக்கத்துத் தோட்டக்காரன், எங்கள் பேச்சில் விளைக்காரன், சுந்தரதாஸ் இந்த ஆஸ்பத்திரிக்குள்ளே காய்ச்சலில் கிடக்கிறான். நான் வெளியே வராந்தா பெஞ்சில் இருந்து எழுதுகிறேன். டாக்டர் டைபாய்டு என்று நினைத்து மருந்து கொடுத்தார், காய்ச்சல் இறங்கவில்லை. அவன் உடம்பில் போனது என்ன என்று எனக்குத் தெரியும் என அவன் மனைவி சுகிர்தபாய் சொல்லியிருக்கிறாள். டாக்டரும் வெளியே வந்து அதையே கேட்டுவிட்டுப் போனார். அவள் சொன்னது உண்மை. எனக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் வாயால் சொல்லச் சொன்னார். எழுதித் தருகிறேன் என்றேன். எழுத்து படித்தவன் வாயால் சொல்லிவிட்டுக் கைநாட்டு வைப்பது முறையல்ல.

"மக்கா, உள்ள ஒரு ஆளு சாவக் கெடக்குதான்" என்றார் கான்ஸ்டபிள் செல்லையன். "மருந்துக்க பேர மட்டும் சொல்லு. கதைய பெறவு எழுது."

ஆனால் எனக்கு எழுத்துப் படிப்பித்த சத்தியதாஸ் சார், எதையும் ஆதிமுதல் முறையாக எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். நடுவிலிருந்து தொடங்கினால் எனக்குக் குழம்பிவிடும். பிறகு அடித்து அடித்து எழுத வேண்டிவரும். தாள் அசிங்கமாகும்.

ஆதி என்றால் வேலி. எங்கள் இரண்டு விளைக்கும் நடுவே கிளுவைக்கம்பு வேலி உண்டு. மழை முடியும்போதெல்லாம் அது என் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். கேட்டால், "கம்பு வேரு பிடிச்சு நடக்குது மக்கா, நான் என்ன செய்ய?" என்பான் சுந்தரதாஸ். பாறசாலை தமிழ்நாட்டோடு சேருமா, திருவிதாங்கூர் கொச்சியோடு நின்றுபோகுமா என்று எல்லோரும் கொதித்துக்கொண்டிருக்கிற காலம். நானும் அவனும் ஒரே ஊர்வலத்தில் நெய்யாற்றின்கரை வரை நடந்திருக்கிறோம். எல்லையை மாற்று என்று கத்துவதில் அவனுக்கு இருந்த கைப்பழக்கம் வேறு யாருக்கும் இல்லை.

வேலிக்காக நான் எதுவும் செய்யவில்லை.

இந்த இடத்தில் இன்ஸ்பெக்டர் தாளைப் பிடுங்கி செல்லையனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். செல்லையன் வாசித்துவிட்டு, "வேலிக்க கதையாக்கும் சார்" என்றார். தாள் திரும்பி வந்தது. இப்போது இடக்கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். பரீட்சையில் அப்படித்தான் எழுத வேண்டும்.

ஊர்வலத்துக்குத் தட்டி எழுத ஆள் போதாது என்று, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை ஹாலில் பெரியவர்களுக்கு எழுத்து படிப்பித்தார்கள். தலை நரைத்த பிறகு நான் சிலேட்டு பிடித்தேன். சாணி அள்ளிய கைக்குக் குச்சி நிற்காது, நிற்க வைத்தேன். ஒரு ஞாயிறு சார் என்னை நம்பி ஒரு தட்டியைக் கொடுத்தார். 'எங்கள் மண் எங்களுக்கு' என்று எழுதினேன். சுந்தரதாஸ் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தான்.

"எலே, இது எழுத்தா, பன்னி கெளறுன மரச்சீனிக் கெழங்கு விளையா? இத பிடிச்சுட்டு போனா எல்லைக் கமிஷன்காரன் நம்ம தாலுக்காவ பன்னிக்கு எழுதிக் குடுப்பான், கேட்டியா."

எல்லோரும் சிரித்தார்கள். சத்தியதாஸ் சார் பாட்டுப்புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல தமாஷ்தான். தட்டியை வேறு ஆள் எழுதினான்.

அதற்காகவும் நான் எதுவும் செய்யவில்லை.

பிறகு பண்ணைக் குட்டிகளுக்கு டைமன் காய்ச்சல் வந்தது. தோலில் சீட்டுக்கட்டு டைமன் போலச் சிவப்பாகத் தடித்து நிற்கும். அதனால் அந்தப் பேர். தீனம், அதாவது நோய், தோலோடு நின்றால் குட்டி பிழைக்கும். ரத்தத்தில் இறங்கிவிட்டால் குட்டி பின்கால் மடங்கி உட்காரும். உட்கார்ந்தது எழும்புவதில்லை. மிருக டாக்டர் இரண்டு குப்பி கொண்டுவந்தார். அவருடைய கம்பவுண்டர் ராஜப்பன் பேச்சுப் பிரியர். குட்டிகளைப் பிடித்துக் கொடுத்த எனக்கு எல்லாம் விளக்கினார்.

"முதல் குப்பியில உள்ளது தீனமேதான். உயிரோட கெடக்குது. ரெண்டாம் குப்பியில, தீனத்த ஜெயிச்ச பன்னிக்க ரத்தத் தெளிவு, மேல தெளிஞ்சு நிக்கிற நீரு. ஒரு தொடையில அது, மறு தொடையில இது. தெளிவு சண்டை பிடிக்கும். குட்டிக்க ரத்தம் நின்னு பாத்துப் படிக்கும். பெறவு அந்தத் தீனம் லேசுல அண்டாது."

"ரெண்டாம் குப்பி மட்டும் குத்துனா?"

"கொஞ்ச நாளு காவல் உண்டு. பெறவு போயிரும். தாய்க்க முதல் பாலும் அப்படியாக்கும். குட்டிக்க ரத்தம் தானா படிக்கல்லியே."

"முதல் குப்பி மட்டும் குத்துனா?"

ராஜப்பன் சிரித்தார். "அது பள்ளிக்கொடத்துக்கு சார் இல்லாம பிரம்ப மட்டும் அனுப்புனது போல."

எனக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்தது. ரத்தமும் என்னைப் போலத்தான், அடிபட்டுத்தான் படிக்கிறது. இப்போது இன்ஸ்பெக்டரும் பிரம்பைத் தூணில் தட்டுகிறார். எனக்கு ராஜப்பன் சொன்னது ஞாபகம் வருகிறது. ராஜப்பனைக் கேட்டாலும் குப்பியின் பேர் தெரியும். அவரும் மிருக டாக்டரும் திருவனந்தபுரத்தில். இன்று எல்லைக்கான ஹர்த்தால், பஸ் ஓடாது. அதற்கு நான் பொறுப்பல்ல.

குப்பிகளில் மிச்சம் இருந்தது. மண்ணில் புதைக்கச் சொன்னார்கள். மிச்சத்தைப் புதைக்க எனக்கு மனம் வராது. என் வீட்டில் மிச்சக் கஞ்சிகூடப் பன்றிக்குத்தான். பழைய ஊசியையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து என் குட்டிகளுக்கு இரண்டு தொடையிலும் குத்தினேன். அப்போது சுந்தரதாஸ் வேலிக்குமேல் தலையை நீட்டினான்.

"என்னலே, குட்டிக்குக் காது குத்தா?"

"காய்ச்சலுக்கு மருந்தாக்கும்."

"எனக்க குட்டிக்கும் போடு மக்கா. அயல்காரன்லா."

கூப்பிட்டது அவன். இந்த வரிக்குக் கீழே கோடு போடுகிறேன்.

அவன் பக்கம் போனேன். மருந்து குறைவாக இருந்தபடியால் அவன் குட்டிகளுக்கு முதல் குப்பி மட்டும் குத்தினேன். இரண்டாம் குப்பியில் பாதி இருந்தது. அது பிறகு தேவைப்படும் என்று வைத்தேன். அவன் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தந்தான். பலமான கை. கடைசிக் குட்டியின்போது ஊசி அவன் பெருவிரலில் ஏறிவிட்டது. குட்டி உதைத்துவிட்டது என்றேன்.

"சாரமில்ல மக்கா" என்று விரலை வாயில் வைத்து உறிஞ்சினான். "இனி எனக்கும் பன்னிக் காய்ச்சல் வராது." இருவரும் சிரித்தோம். அந்தக் கடைசிக் குட்டி நோஞ்சான் என்பதால் அதை எனக்கு இனாமாகத் தந்தான்.

அவன் குட்டிகள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. பிறகு அவன் விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியது. பிறகு காய்ச்சல். பார்க்கப் போனேன், அயல்காரன் போகாமல் இருக்கலாமா. தோளில் ஒரு டைமன் தெரிந்தது. சுகிர்தபாய் வாசலில் வழிமறித்தாள்.

"அண்ணே, அது என்ன ஊசியாக்கும்?"

"சத்து ஊசி."

"உங்க குட்டியெல்லாம் துள்ளிக்கிட்டு நிக்குதே."

"அதுகளுக்குச் சத்து பிடிச்சிருக்கு" என்றேன். கூர்மையான பெண். அன்றே போலீசுக்குப் போயிருக்கிறாள்.

டாக்டர் மறுபடியும் வெளியே வந்தார். சட்டையெல்லாம் வேர்வை. "கழிஞ்ஞோ?" என்று மலையாளத்தில் கேட்டார். முடியப்போகிறது என்றேன். நல்ல மனிதர். கையெழுத்து நேராக வருகிறது, வரி கோணவில்லை. முடிந்ததும் இதைச் சுந்தரதாஸிடம் ஒரு தடவை காட்ட வேண்டும்.

ஒரு திருத்தம் மட்டும் உண்டு. குட்டி உதைத்தது என்று எழுதினேனே, அது சரியல்ல. எழுதியதை அடித்தால் அசிங்கமாகும், அதனால் இங்கே எழுதுகிறேன். அந்த நோஞ்சான் குட்டி அவன் கைமடிப்பில் தூங்கிவிட்டது. உதடு உறிஞ்சிக்கொண்டிருந்தது. சிரிக்கிற குட்டியைக் குத்த எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் அவன் பெருவிரல் இருந்தது. அதில் இறக்கினேன், மருந்து தீருகிறவரை எடுக்கவில்லை. அவனும் கொஞ்சம் படிக்கட்டும் என்று நினைத்தேன். குட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் அதற்குத் தெளிவை மட்டும் போட்டேன். நன்றாக இருக்கிறது. நான் முதலிலேயே சொன்னேன், நான் கொடுமைக்காரன் அல்ல.

இனி டாக்டர் கேட்டது. இரண்டு குப்பியும் என் பன்றிக்கூட்டின் பின்னால், தென்னைமரத்து அடிமூட்டில், ஈரமணலில் புதைத்த கலயத்துக்குள் இருக்கின்றன. முதல் குப்பியில் பேர் ஒட்டியிருக்கிறது. அது இங்கிலீஷ், நான் இன்னும் அவ்வளவு படிக்கவில்லை. இரண்டாம் குப்பி கிட்டத்தட்டப் பாதி உண்டு, கெடாமல் குளிர்ச்சியாக இருக்கும். மனிதனுக்கு அதைப் போடலாமா என்பது டாக்டருக்குத்தான் தெரியும். சைக்கிளில் போனால் தூரமில்லை.

கீழே பேர் எழுத வேண்டும். 'தங்கையன்' என்று எழுதும்போது உள்ளே சுகிர்தபாயின் குரல் உயர்ந்தது. டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். இந்தத் தடவை அவர் என்னைப் பார்க்கவில்லை. செல்லையன் தொப்பியைக் கழற்றினார். தாளை நீட்டினேன், யாரும் வாங்கவில்லை.

இனி அவசரமில்லை, மெதுவாக எழுதிக்கொள் என்கிறார் இன்ஸ்பெக்டர். காலையிலிருந்து நானும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.