ரெண்டு நீட்டு, ஒரு வெட்டு

— அதுல கைய வைக்காதடி நித்யா! போன இப்படிக் குடு.

— ஆப்ப மூடிட்டேன்மா. மூடின பொறவும் ஹாரன் அடிக்குது பாரு. அதான் மொத்தமா எடுத்துடலாம்னு.

— மூடினா எப்டிடி அடிக்கும்?

— நீ பாக்குறது வெறும் திரை. பின்னால சர்வீஸ்னு ஒண்ணு சத்தமில்லாம ஓடிக்கிட்டே இருக்கும். தகவல் வந்தா வாங்கித் திரைக்குச் சொல்லும். திரை மூடியிருந்தா ஹாரன் அடிச்சு உன்னக் கூப்புடும்.

— நான் அடுப்பாண்ட, உங்கப்பா கடல்ல. அது மாதிரியா?

— அத வச்சுத்தானே செஞ்சேன்.

— அப்பல்லாம் கரையோரம் வூடு. முகத்துவாரத்துல நுழையும்போதே ஹாரன் கேக்கும். ரெண்டு நீட்டு, ஒரு வெட்டு. எத்தினி படகு வந்தாலும் உங்கப்பா இருதயசாமி ஹாரன் எனக்குத் தெரியும். அரிசிய உலையில போட்டுட்டு, ஓடிப்போய் வாசக் கழியில செவப்புத் துண்டக் கட்டுவேன். சோறு வேவுது, வான்னு அர்த்தம். அதப் பாத்துட்டா அந்த மனுசனுக்குப் பசி ஜாஸ்தியாயிடும்.

— சுனாமிக்குப் பொறவு உள்ள தள்ளி வூடு குடுத்தாங்க. ஹாரன் கேக்கலன்னு வருசக்கணக்கா பொலம்புன. வேலைக்குப் போனதும் மொதல்ல இந்த ஆப்பத்தான் எழுதுனேன். அப்பா படகுலேர்ந்து தன் போன்ல பட்டன எம்மாம் நேரம் அமுக்குறாரோ, அம்மாம் நேரம் உன் போன் கத்தும்.

— மாதாவே, ஆப்பு போட்டுக் குடுத்த அன்னிக்கு அவுரு சின்னப் புள்ள மாதிரி அமுக்கிக்கிட்டே கெடந்தாரு!

— மா, அப்பா போயி வருசம் ஆவப்போவுது. படகையும் பழனிவேலுக்கு வித்தாச்சு. இன்னும் தெனம் ஹாரன் அடிக்குது, நீயும் அரிசியக் கூடப் போடுற. என்னால பாக்க முடியலமா.

— போட்டா என்ன? பக்கத்துல கொளஞ்சியம்மா வூட்டுல குடுத்துடுறேன்ல.

— ஏதோ பழுது. பழைய தகவலே திரும்பத் திரும்ப வருதோ என்னவோ. இரு, எங்கேர்ந்து வருதுன்னு பாக்குறேன்... ஐயையோ.

— என்னாடி?

— பழுது இல்லமா. தம்பி ஜெகன் போன்லேர்ந்து வருது. மொதமொதல்ல சரிபாக்கறதுக்கு அவன் போன்லயும் போட்டுக் குடுத்தேன்ல? யார் அனுப்புறாங்கன்னு சர்வீசுக்குத் தெரியும். திரையில காட்டச் சொல்லி நான் எழுதல. அப்பாவத் தவிர யாரு அனுப்பப் போறான்னு உட்டுட்டேன்.

— ம்.

— படக வித்துட்டன்னு சண்ட போட்டுட்டு சிதம்பரம் போனவன்! கிறிஸ்துமசுக்குக் கூட வரல. அவன்மா! உனக்கு ஆச்சரியமாவே இல்லியா?

— அவன்தான்னு எனக்குத் தெரியும்டி.

— எப்டி?

— உங்கப்பா வெட்டு சுருக்குன்னு நிக்கும். இவன் அதையும் இழுப்பான். சின்னதுல அப்பா மடியில உக்காந்து ஹாரன் அடிச்சா, கைய எடுக்கவே மாட்டான் பாவி.

— தெரிஞ்சுமா போன் பண்ணாம இருந்த?

— பேசுனா மறுபடியும் படகுலதான் வந்து நிக்கும். அவனும் உடமாட்டான், நானும் உடமாட்டேன். ஏண்டி, இந்தப் பக்கத்துலேர்ந்து அவனுக்கு எதாச்சும் அனுப்ப முடியுமா?

— இப்ப முடியாது. இனிமே எழுதுனா முடியும். என்ன அனுப்பணும், சொல்லு.

— அவன் திரையில ஒரு செவப்புத் துண்டக் கட்டி உடு.