முப்பத்தெட்டாவது கோடு

2014ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை. விழுப்புரத்தில் அன்று கடும்பனி. முந்தின நாள் கொடியில் போட்ட என் புடவை, விடிந்த பின்னும் பிழியும் அளவுக்கு ஈரமாகவே இருந்தது.

காவல் ஆய்வாளர் அவர்களுக்கு, தையல்நாயகி எழுதுவது. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. இதைப் பிறர் துணையின்றி என் கைப்பட எழுதுகிறேன். பிழை இராது, மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டேன்.

முதலில் என் தொழிலை விளக்குவது முறையாகும். கைக்கடிகாரத்தில் முட்களுக்குப் பின்னால் எண்களைத் தாங்கி நிற்கும் வட்டத் தகட்டுக்கு டயல் என்று பெயர். இயந்திரம், கூடு, முட்கள் ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கி, தமக்கென்று ஒரு கடிகாரத்தைத் தாமே கட்டிக்கொள்ளும் ஆர்வலர்கள் நாட்டில் பலர் உண்டு. பிறரிடம் இல்லாத டயல் அவர்களுக்கு வேண்டும். அதை நான் செய்தேன். பித்தளைத் தகட்டைத் திண்டிவனம் பாத்திரக் கடையில் வாங்கினேன். வண்ணத்தைக் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் வாங்கினேன். விளம்பரப் பேனாக்களில் பெயர் அச்சிடும் மெத்தென்ற ரப்பர் குமிழைக் கொண்டு எண்களை ஒற்றினேன். அவை தமிழ் எண்கள். எழுத்தை 1993இல், திண்டிவனத்துக்கு அருகே எங்கள் ஊரில் நடந்த அறிவொளி வகுப்பில், முப்பத்தோராம் வயதில் கற்றேன். முதலில் எழுதியது என் பெயர். தமிழ் எண்களை ஒரு பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து நானே கற்றேன்.

கடை சவரிராயனுடையது. விழுப்புரத்தில் அவர் கைக்கடிகாரம் பழுது பார்த்துவந்தார். 1996 முதல் அவரிடம் வேலை செய்தேன். என் முதல் டயலை 2006இல் அவரிடம் காட்டினேன்.

"இன்னாம்மா தையலு, எட்டு இருக்க வேண்டிய எடத்துல அ போட்டுக்கீற?"

"தமிழ்ல எட்டு அப்படித்தாங்க, அண்ணே."

அவர் வெகு நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா கீது. ஆறுக்குக் கீழ உன் பேரப் போட்டுக்கோ. சின்னதா போடு. உன் வேல இது, உன் பேருதான் இருக்கணும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு டயலிலும் ஆறுக்குக் கீழே என் பெயரை, லென்ஸ் வைத்தால் மட்டும் படிக்கத்தக்க அளவில் ஒற்றினேன். கூரியரில் அனுப்பும் பணி அவருடையது. ஏழாண்டுகள் இவ்வாறு நடந்தன. என் பெயர் பெங்களூருக்கும் அதற்கு அப்பாலும் போய்க்கொண்டிருக்கிறது என்று நம்பினேன். சில நாட்களில் அந்த ஊர்களைத் தேசப் படத்தில் தேடிப் பார்த்ததும் உண்டு.

2013 ஆகஸ்டில் மரிய அருண் என்ற இளைஞர் சென்னையிலிருந்து கடைக்கு வந்தார். என் டயலை வைத்துத் தாம் கட்டிய கடிகாரத்தை அணிந்திருந்தார். நான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஆறுக்குக் கீழே சவரிராயன் என்று இருந்தது. என் பெயரைத் தின்னர் தொட்டுத் துடைத்துவிட்டு, அவ்விடத்தில் அவர் தம் பெயரை ஒற்றியிருந்தார். அனுப்பியவை அனைத்திலும் அவ்வாறே செய்திருந்தார் என்பது பின்னர் தெரிந்தது.

"இந்த நம்பரெல்லாம் யாரு சார் வரையறது?" என்று அந்த இளைஞர் கேட்டார்.

"நான்தான் தம்பி. இந்தம்மா கைநாட்டு. நான் கோடு போட்டுக் குடுத்தா அது மேல மை வெக்கும். அவ்ளோதான்."

"பரவால்லயே ஆன்ட்டி, கை ஆடாம வெக்கிறீங்க" என்று அவர் என்னைப் பாராட்டினார்.

அவர் சென்ற பின் சவரிராயனிடம் காரணம் கேட்டேன்.

"யாவாரத்துக்குச் சொல்றதும்மா அது. உன் பேரு நீளம், வெளியூர்க்காரன் வாயில நொழையாது. சும்மா பேஜாரு பண்ணாத."

நான் பேஜாரு செய்யவில்லை. வழக்கம்போல் வேலைக்கு வந்தேன்.

இனி அவருடைய காலை வழக்கத்தைக் கூறவேண்டும். அவர் வீடு இருப்புப்பாதைக்கு அப்பால் இருந்தது. நாள்தோறும் கோயிலில் பூசை காண வருவார். கேட் வழியாகச் சுற்றாமல், பாதையை ஒட்டிய பாண்டுரங்கனின் டீக்கடையில் அமர்வார். விழுப்புரத்திலேயே புறப்படும் வண்டியொன்று ஆறு நாற்பதுக்கு அவ்விடத்தைக் கடக்கும். ஆறு முப்பத்தெட்டுக்கு எழுந்து, நிமிர்ந்து பாராமல் தண்டவாளத்தைத் தாண்டிவிடுவார். வண்டி அவர் முதுகுக்குப் பின்னால் போகும். அவருக்குக் காது கேட்பது வெகுவாகக் குறைந்திருந்தது. "எனக்குக் காது மணிக்கட்டுல கீது" என்பார். "அந்த ரயிலே உங்க வாட்சக் கேட்டுக்கினுதான் கெளம்புது போல, மேஸ்திரி" என்று பாண்டுரங்கன் கேலி செய்வார். இக்கதையைச் சவரிராயன் கடைக்கு வருவோரிடமெல்லாம் பெருமையுடன் கூறுவார். பதினெட்டு ஆண்டுகள் அதை நான் கேட்டிருக்கிறேன்.

டிசம்பரில் அவர் தமக்கொரு டயல் கேட்டார். ஜனவரி ஒன்பது அவருடைய அறுபதாம் பிறந்தநாள். "எம் பேரு பெருசா தெரியணும், தையலு. அன்னிக்குப் பூசைக்கு அதக் கட்டிக்கினு போவணும்."

என் வாழ்நாளில் அதைவிடச் சிறந்த டயலை நான் செய்ததில்லை. அவர் பெயரைப் பன்னிரண்டுக்குக் கீழே பெரிதாக ஒற்றினேன். நிமிடக் கோடுகளை வரையும்போது, ஐந்துக்கும் எட்டுக்கும் இடைவெளிகளை மயிரிழை மயிரிழையாக அகலமாக்கினேன். எட்டைத் தாண்டிப் பதினொன்று வரை அவ்வாறே நெருக்கினேன். எண்களையும் கோடுகளோடு நகர்த்தினேன். மற்ற இடங்களில் அது உண்மையே காட்டியது. நாற்பதாவது நிமிடம் நிற்கவேண்டிய இடத்தில் முப்பத்தெட்டாவது கோடு நின்றது. இதற்குப் பத்தொன்பது நாட்கள் ஆயின. கைநாட்டுப் பேர்வழி ஒருத்தியால் இயலக்கூடிய வேலை அன்று என்பதைத் தாங்கள் ஒப்புக்கொள்வீர்கள்.

எட்டாம் தேதி மாலை கடிகாரத்தைக் கொடுத்தேன். அவர் லென்ஸை எடுத்துத் தம் பெயரை வெகு நேரம் பார்த்தார். கண்கள் கலங்கின. லென்ஸைப் பெயரை விட்டுக் கீழே நகர்த்தவில்லை. நகர்த்தியிருந்தால் கோடுகளைக் கண்டிருப்பார். அந்த வாய்ப்பை நான் மறுக்கவில்லை. பனியையும் நான் வரவழைக்கவில்லை.

மறுநாள் நடந்ததைப் பாண்டுரங்கன் தங்களிடம் கூறியிருக்கிறார். சவரிராயன் கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்தார், "மேஸ்திரி, வண்டி வருது" என்று கூவியது அவர் காதில் விழவில்லை. கைக்கடிகாரம் முப்பத்தெட்டில் நின்றிருந்ததால், மரணம் ஆறு முப்பத்தெட்டுக்கு நிகழ்ந்தது என்று எழுதினீர்கள். வண்டி ஓட்டியவர் கூறிய நேரம் வேறு. கடிகாரம் மெதுவாக ஓடியிருக்கும் என்று தீர்மானித்து, எழுதிய நேரத்தைத் திருத்தாமலே விபத்தெனக் கோப்பை முடித்தீர்கள். என் இயந்திரம் மெதுவாக ஓடவில்லை. அந்த அவதூறைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன்.

ஆனால் சென்ற வாரம் மரிய அருண் வந்திருந்தார். குடும்பத்தார் கொடுத்த அக்கடிகாரத்தைச் சென்னையில் ஆர்வலர்கள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பதாகக் கூறினார். அதன் கீழே, "சவரிராயன் தம் கையால் செய்த கடைசி டயல்" என்று எழுதியிருக்கிறார்களாம். இதைச் சொல்லும்போது அந்த இளைஞர் அழுதார். நானும் துக்கத்தில் இருப்பதாக எண்ணி, எனக்கும் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

எனவேதான் இதை எழுதுகிறேன். நான் அவரைத் தள்ளவில்லை. ஆயினும் கொன்றது நானே. தண்டனை குறித்து எனக்கு முறையீடு இல்லை. தாங்கள் அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கவேண்டும். நல்ல லென்ஸ் ஒன்றை எடுத்துச் செல்லவேண்டும். ஆறுக்குக் கீழே, வெறுங்கண்ணுக்குப் பூவேலை போலத் தெரியும் இடத்தில் பாருங்கள். அங்கே என் பெயர் இருக்கிறது. அதை மட்டும் எவரும் துடைக்கவில்லை.

பெயரைப் படித்த பின் கோப்பிலுள்ள நேரத்தையும் திருத்திவிடுங்கள். சவரிராயன் இறந்த நேரம் காலை ஆறு மணி நாற்பது நிமிடம்.