பதினோராம் அறையின் வாசலில் பொறுத்து நின்றவருக்கு

முப்பத்தோராண்டுக் காலம் மனநல மருத்துவமனையின் மகளிர் பிரிவில், மூடிய கதவுகளின் முன்னே முகம் சுளிக்காமல் நின்று, முறை தவறாது தட்டி, "வரலாமா?" என்று வாய் நிறையக் கேட்டு, பதில் வரும்வரை வாசலிலேயே பொறுத்திருந்த பண்பின் பெட்டகமே! பணிவிலும் பிடிவாதத்திலும் எங்கள் அனைவரையும் பின்னுக்குத் தள்ளிய தலைமைச் செவிலியே! கதவைத் தட்டும் அக்கா என்பதால் நோயாளிகளின் வாயில் 'கதவக்கா'வாகி, நாளடைவில் எங்கள் வாயிலும் அப்படியே நிலைத்துவிட்ட எங்கள் அன்பு அக்கா!

இன்றோடு பணி நிறைவு பெறும் உங்களுக்கு, உடன் உழைத்தோர் உள்ளம் கனிந்து வாசித்தளிக்கும் மடல் இது.

இதன் முதல் படியை நம் பிரிவின் எழுத்தர் மூன்று நாள் மெனக்கெட்டு எழுதினார். கருணைக் கடலே என்று தொடங்கி, கலங்கரை விளக்கம், கற்பகத் தரு என்று கண்ணில் பட்டதையெல்லாம் அடுக்கியிருந்தார். அச்சுக்குக் கொடுக்குமுன் பிழை பார்த்துத் தரும்படி பதினோராம் அறையில் இப்போது சிகிச்சையில் இருப்பவரிடம் கொடுத்தோம். அச்சகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிழை திருத்துகிறவர் அவர். கருணைக் கடலின் மேல் மெழுகுக் குச்சியால் ஒரே கோடாக இழுத்து, ஓரத்தில் இப்படி எழுதியிருந்தார்: "கடல் கேட்டுக்கொண்டு வராது. அக்கா கேட்டுக்கொண்டுதான் வருவார். நடந்ததை எழுதுங்கள். என் கதையையும் எழுதலாம், பெயர் வேண்டாம்." எழுத்தருக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஆனாலும் பிழை பார்த்தவர் சொன்னதில் நியாயம் இருந்ததால், நடந்ததையே எழுதுகிறோம்.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை மதியம், பிழை பார்த்த அவருடைய அண்ணனும் அண்ணியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை அழைத்து வந்தார்கள். பிடித்து என்பதே சரி, அழைத்து என்பது மரியாதைக்காக. ஆறு வாரமாக அவருக்குத் தூக்கமில்லை. ஒரு மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் சீட்டில் ஓர் எண்ணின் பிழையைத் தான் தவறவிட்டுவிட்டதாகவும், அதைப் படித்து எங்கோ யாரோ இறந்திருப்பார்கள் என்றும் ஒரு நினைப்பு அவரை அரித்துத் தின்றது. அச்சகத்தார் பழைய படியை எடுத்து விரித்துக் காட்டினார்கள். தவறு எதுவுமில்லை. அவர் நம்பவில்லை. கையால் விட்ட பிழை ஆளைக் கொன்றதென்றால் வாயால் விடும் பிழை எத்தனை பேரைக் கொல்லுமோ என்று பயந்து, பேச்சையும் நிறுத்திக்கொண்டார்.

சேர்க்கை மேசையில் வழக்கம்போல் செருப்பு வார், கொண்டை ஊசி, கைக்கண்ணாடி எல்லாம் எண் போட்ட துணிப்பைக்குள் போயின. கடைசியாகச் சிவப்புப் பேனாவை வாங்கியபோதுதான் அவர் விரல்கள் அதன் மூடியை ஒரு கணம் விடவில்லை. அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்தீர்கள். துணிப்பையின் சீட்டில் 'பேனா 1' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'சிவப்புப் பேனா, மூடியில் பல் தடம், பத்திரம்' என்று அவர் கண்ணெதிரே எழுதினீர்கள்.

முதல் சில நாட்களில் அவர் அறைக்குள் யார்தான் போகவில்லை? எடை பார்க்கிறவர் போனார், இரத்தம் எடுக்கிறவர் போனார், படுக்கை விரிப்பு மாற்றுகிறவர் போனார், மருத்துவரின் பின்னால் மாணவர்கள் ஏழெட்டுப் பேர் வரிசை கட்டிப் போனார்கள். இது உங்கள் அறை என்று அவரிடம் சொல்லியிருந்தோம். கதவு மட்டும் எல்லோருடையதாக இருந்தது. உள்ளிருந்து தாழிட முடியாத அந்தக் கதவைப் பார்த்தபடி, எந்த நேரம் எவர் வருவாரோ என்று சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருப்பார். அந்த எல்லோரில் நாங்களும் அடக்கம் என்பதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

நீங்கள் மட்டும் தட்டுவீர்கள். இரண்டே தட்டு. "நான்தாம்மா, வரலாமா?" என்பீர்கள். பேசாத மனுஷியிடம் பதிலுக்கு நிற்பதைப் பார்த்து நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். பத்து எண்ணும் நேரம் நிற்பீர்கள். பிறகு, "சரி, வரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவீர்கள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓட வேண்டிய வேலையில், பதினெட்டு அறைக்கும் இதே கதை. உங்களுக்குப் பழக்கம் முற்றி, மருந்து அலமாரியையும் தட்டிவிட்டுத்தான் திறப்பீர்கள். ஒருமுறை ஆளில்லாத அறையைத் தட்டிவிட்டு நின்றதைப் பார்த்துத் துப்புரவு அக்கா சிரித்தபோது, "சிரிக்காதீங்க, உள்ள யாருமில்லன்னு தட்டினாத்தானே தெரியும்?" என்றீர்கள்.

இப்படிப் பத்தொன்பது நாள் ஓடியது. இருபதாம் நாள் காலை பத்து மணிக்கு நீங்கள் தட்டி, வரலாமா என்று கேட்டபோது, உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. தொண்டை கட்டிய, துருப்பிடித்த குரல்.

"வராதீங்க."

நீங்கள் உள்ளே போகவில்லை. கதவை விட்டு நகரவுமில்லை. நடைபாதையில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு, கதவின் சிறு கண்ணாடி வழியே அவர் தெரியும்படி உட்கார்ந்துகொண்டீர்கள். கால்மணிக்கொருமுறை நிரப்ப வேண்டிய கண்காணிப்புத் தாளில் நீங்கள் அன்று எழுதியது எங்கள் கோப்பில் இன்னும் இருக்கிறது: "உள்ளே வர வேண்டாம் என்றார். வரவில்லை. கண்ணாடி வழியே பார்த்தேன். கட்டிலில் அமர்ந்திருக்கிறார்."

அப்போது இளம் மருத்துவராக இருந்து, இன்று நம் பிரிவின் தலைவராக இந்த மேடையில் அமர்ந்திருப்பவர் அந்த வழியாக வந்தார். அவர் அன்று கோபப்பட்டதை எழுதலாமா என்று கேட்டோம். எழுதுங்கள், எனக்கும் புத்தி வந்த நாள்தானே என்றார்.

"என்ன சிஸ்டர், பேஷண்ட் வேண்டாம்னா நாம வெளியவே உக்காந்துடுறதா? இது வார்டா, மாமியார் வீடா?"

நீங்கள் எழுந்து நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னீர்கள்: "டாக்டர், தான் பேசினா யாராவது செத்துப்போவாங்கன்னு பயந்து, இங்க வந்தும் பத்தொன்பது நாளா வாயத் திறக்காதவங்க. இன்னிக்குத்தான் ஒரு வார்த்தை சொல்லியிருக்காங்க. அதக் கேட்டு நான் நின்னேன், எனக்கு ஒண்ணும் ஆகல. அத அவங்க பாத்துட்டு இருக்காங்க. இப்ப நான் உள்ள போயிட்டா, அடுத்த வார்த்தை எப்படி வரும்?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் உண்மையிலேயே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தான் சொன்ன ஒரு சொல்லால் யாரும் விழவில்லை, யாரும் சாகவில்லை. ஒருவர் நின்றார், அவ்வளவுதான். நாற்பது நிமிடம் கழித்து அவரே எழுந்து வந்து கதவைத் திறந்தார்.

"உள்ள வாங்க. முக்காலில உக்காந்தா முதுகு வலிக்கும்."

உங்கள் கண் கலங்கியதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தோம். நாங்கள் சிரிப்பதை நிறுத்தியதும் அன்றுதான்.

பிறகு அவர் மெல்ல மெல்லத் தேறினார். நான்கு மணித் தேநீருக்குக் கூடத்துக்கு வந்தார். சுவரில் இருந்த நோயாளிகளுக்கான ஒன்பது விதிகளைப் படித்துவிட்டு, திருத்த வேண்டும் என்று கை பரபரக்கிறது என்றார். பேனாவுக்கு அனுமதியில்லை. கைவினை அறையிலிருந்து சிவப்பு மெழுகுக் குச்சி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். நான்கு பிழைகளைத் திருத்திய கையோடு, அடியில் பத்தாவதாக ஒரு வரியைச் சேர்த்தார்: 'பணியாளர்கள் கதவைத் தட்டி, பதிலுக்கு நிற்கவும்.' அலுவலகத்தார் அழிக்கச் சொன்னபோது, மெழுகு போகமாட்டேன் என்கிறது என்று நீங்கள் சொன்ன பச்சைப் பொய்யை இன்று சபையறியப் போட்டு உடைக்கிறோம். அதன்பின் பலகை இரண்டுமுறை மாறிவிட்டது. பத்தாவது விதி இப்போது அச்சிலேயே இருக்கிறது.

வேலைக்குத் திரும்பி, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நலமாக இருந்தார் அவர். சென்ற மாதம் தூக்கம் மறுபடி விலகத் தொடங்கியது. இம்முறை யாரும் அவர் கையைப் பிடிக்கவில்லை. அண்ணனுக்குச் சொல்லிவிட்டுத் தன் பையைத் தானே கட்டிக்கொண்டு வந்து, பிரிவின் பெரிய கதவில் அழைப்பு மணி இருந்தும் அதைத் தொடாமல், இரண்டு தட்டு தட்டினார்.

"நான்தாங்க்கா. வரலாமா?"

நீங்கள் கதவைத் திறந்து, "வாங்க," என்றீர்கள். பேனாவை அவரே எடுத்து நீட்டினார். அதன் பிறகு அவர் கேட்ட கேள்விதான் எங்கள் எல்லோரையும் குத்தியது: "இந்த மாசத்தோட நீங்க போறீங்களாமே. அப்புறம் யாருக்கா தட்டுவா?"

 எங்களைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

அதற்குரிய பதில் இன்று காலை கிடைத்தது. விழாவுக்காக உங்களை நாங்கள் கூடத்தில் உட்கார வைத்துவிட்டதால், உங்களுக்குத் தெரியாது. பதினோராம் அறைக்கு, அன்று உங்களிடம் கோபப்பட்ட நம் பிரிவுத் தலைவரே போனார். தட்டினார். வரலாமா என்று கேட்டார். உள்ளிருந்து தெளிவாக வந்தது பதில்: "வராதீங்க."

மருத்துவர் நின்றார். பின்னால் வந்த மாணவர்கள் நின்றார்கள். மருந்து வண்டி நின்றது, விரிப்பு மாற்ற வந்தவர் கைச்சுமையோடு நின்றார்.  சிறிது நேரத்தில் கதவு திறந்தது. திருத்தி முடித்த இந்த மடலோடு அவர் நின்றிருந்தார்; காலையில் நடந்த இதை மட்டும் அதன்பின் நாங்கள் சேர்த்தோம்.

"சும்மா பாத்தேன் டாக்டர். உள்ள வாங்க."

இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார், அக்கா. வரும் திங்களன்று வீட்டுக்குப் போகிறார். நீங்களும் நிம்மதியாகப் போய் வாருங்கள்.

உடல் நலமும் உள்ள நலமும் ஒருங்கே பெற்று, பேரப்பிள்ளைகள் சூழ, பல்லாண்டு பல்லாண்டு நீங்கள் வாழ வேண்டும்! முதுமை என்றேனும் உங்கள் வீடு தேடி வந்தால், அதுவும் தட்டிவிட்டு வாசலில் நிற்கட்டும். "வராதீங்க" என்று நீங்கள் சொன்னால், முக்காலி போட்டு உட்கார்ந்து, நீங்களாகக் கதவைத் திறக்கும்வரை காத்திருக்கட்டும்!

இவண்,
பதினெட்டுக் கதவுகளையும் தட்டப்போகும்
மகளிர் பிரிவுப் பணியாளர்கள்

பிழை பார்த்தவர்: பதினோராம் அறை