நீலம் விழாதவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கல்குவாரியில் ஆறு பேர் இருந்தோம். நான், என் மகன், என் மகள், அவள் கணவர், என் தம்பி, குவாரியின் காவலாளி. காவலாளியின் நாயும் இருந்தது. வெடிச்சத்தம் கேட்டதும் அது ஓடிவிட்டதால் கணக்கில் சேர்க்கவில்லை. வெயில் இதமாக இருந்தது. மகள் ஃபிளாஸ்க்கில் தேநீர் கொண்டுவந்திருந்தாள். சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று தம்பி குறைப்பட்டுக்கொண்டான்.

விசாரணை அதிகாரியான உங்களுக்கு இதை நானாகவே எழுதித் தருகிறேன். யாரும் வற்புறுத்தவில்லை. துப்பாக்கி பழுதுபார்க்கிறவனுக்கு எதையும் கழற்றிய வரிசையில் அடுக்கிவைக்கிற பழக்கம் உண்டு. இதையும் அப்படியே வைக்கிறேன்.

எங்கள் பட்டறையின் உள் அறைச் சுவரில் ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி தொங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். என் தாத்தா காலத்தில் பெரிய மிருகங்களுக்காகச் செய்தது. அந்த மிருகங்கள் இப்போது இல்லை. துப்பாக்கி இருக்கிறது. தாத்தா குள்ளமானவர், தோளில் வைக்கும் மரக்கட்டையை அவர் அளவுக்கே குட்டையாக வெட்டினார்கள். அதனால் மற்றவர்கள் சுடும்போது கட்டையின் மேல்விளிம்பு கன்னத்து எலும்பில் வந்து அறையும். தோளில் பதியும் இடத்தில் ரப்பர் கிடையாது, பித்தளைத் தகடுதான். விசையைச் சுற்றியுள்ள வளையம் நடுவிரலை நசுக்கும். சுட்டவர் யாரும் இன்னொரு முறை கொடுங்கள் என்று கேட்டதில்லை.

அதற்கு எங்கள் வீட்டில் 'மாமனார்' என்று பெயர். என் அக்காவின் கணவர் வைத்தது. கல்யாணமான மறுவாரம் அதைச் சுட்டுவிட்டு மூன்று நாள் கையைத் தூக்க முடியாமல் படுத்திருந்தார். "பொண்ணு கொடுத்தவர்கூட என்னை இப்படி வரவேற்கலை" என்றார். என் தம்பிக்குப் பக்கப் பல் ஒன்று போனது. இன்றும் யாராவது கேட்டால், "மாமனார் ஞாபகத்துக்கு வெச்சுக்கிட்டார்" என்று வாயைத் திறந்து காட்டுவான்.

பட்டறையில் உட்காருகிறவரானாலும், வீட்டில் பெண் எடுக்கிறவரானாலும், அதை ஒருமுறை தோளில் வைத்தே ஆக வேண்டும். இரண்டு குழலிலும் தோட்டா போடுவோம். முன்விசையை இழுத்து ஒன்று, பின்விசையை இழுத்து ஒன்று. இடையில் கட்டையைத் தோளிலிருந்து எடுக்கக் கூடாது. முதல் உதை தெரியாமல் வாங்குவது. இரண்டாவதைத் தெரிந்தே வாங்க வேண்டும். ஆள் யார் என்பது அங்கேதான் தெரியும். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சட்டைப் பொத்தானைத் திறந்து தோளைக் காட்டுவார்கள். கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருக்கும். 'நீலம் விழுந்தாச்சு' என்போம். நீலம் விழுந்தவர்தான் உள் அறையில் உட்காரலாம், பேச்சில் கலந்துகொள்ளலாம். மற்றவர்களுக்கு வெளி மேசை.

என் மருமகன் பதினோரு வருடம் வெளி மேசையில் உட்கார்ந்தார்.

கல்யாணத்துக்கு முன்பே அவருக்கு வலது கண்ணில் விழித்திரை கிழிந்து ஒட்டவைத்திருந்தார்கள். இடது கண் சிறுவயதிலிருந்தே மங்கல். ஆள் உருவம் தெரியும், முகம் தெரியாது. பலமான அதிர்ச்சி படக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் காகிதத்தை மருமகன் என்னிடம்தான் கொடுத்தார். நான் படித்தேன், மடித்தேன், எல்லோர் முன்னாலும் அவருக்கு விலக்கு அளித்தேன். எங்கள் வீட்டில் விலக்கு வாங்கிய முதல் ஆள் அவர்.  

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கியைச் செருகிக்கொண்டு அவர் செய்த நுண்வேலையை என் மகன் இரண்டு கண்ணாலும் செய்ததில்லை. பட்டறையில் அவரை 'லென்ஸ்' என்று கூப்பிடுவார்கள். நான் எப்படியும் கூப்பிட்டதில்லை. மாப்பிள்ளை என்று சொல்ல வாய் வரவில்லை. "அவரிடம் கேள்", "அவரிடம் கொடு" என்று பதினோரு வருடம் ஓட்டிவிட்டேன். மகளுக்கு அது வருத்தம். எனக்குத் தெரியும்.

இனி நீங்கள் விசாரித்த விஷயம். பழத்தோட்டக்காரர் ஒருவர் விரல் மூட்டு வலிக்கிறது, விசையை இலகுவாக்கித் தாருங்கள் என்று துப்பாக்கி கொண்டுவந்தார். என் மகன் அரை நாளில் முடித்தான். தோட்டாவை அடிக்கும் குதிரையைப் பிடித்துவைக்கும் சின்னக் கொக்கியை அவன் அளவுக்கு மேல் அராவிவிட்டான். பட்டறையை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் எங்கள் முத்திரையை நான்தான் குத்துவேன். குதிரை நழுவுகிறதா என்று கட்டையை மரப்பலகையில் மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் குத்த வேண்டும். என் மகன் செய்தது என்பதால் தட்டாமல் குத்தினேன். பத்து நாள் கழித்து டிராக்டரிலிருந்து இறங்கும்போது அது தானாக வெடித்து அவர் இறந்துபோனார்.

அவர் மனைவி ஒருநாள் பட்டறை வாசலில் வந்து நின்றார். எங்க வீட்டுக்காரர் தப்பாப் பிடிச்சிருந்தாரா என்று மட்டும் கேட்டார். ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்றான் என் மகன். அந்த அம்மாள் தலையாட்டிவிட்டுப் போனார். வெளி மேசையில் என் மருமகன் கண்ணிலிருந்து உருப்பெருக்கியை எடுத்துக் கீழே வைத்ததைப் பார்த்தேன்.

பிறகு நீங்கள் அந்தக் கொக்கியைப் பொட்டலத்தில் போட்டு எடுத்துவந்தீர்கள். எங்களிடம் வந்தபோது விசை சரியாக இருந்தது, வேறு யாரோ பின்னால் கைவைத்திருக்கிறார்கள் என்று என் மகன் சொன்னான். அரம் பிடிக்கிற கை ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் சாயும். கையெழுத்து மாதிரிதான். ஒரே பட்டறையில் வருடக்கணக்காகக் கூட வேலை செய்தவர் பார்த்தால் யார் கை என்று சொல்லிவிடலாம். என் மகனின் கையை அப்படிச் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். எனக்கு வயதாகிவிட்டது, கண் சரியில்லை என்று தட்டிக்கழித்தேன். என் மருமகன் பார்த்தார். அன்று மின்சாரம் இல்லை. நல்ல வெளிச்சத்தில் இன்னொரு தடவை பார்த்துவிட்டு எழுதித் தருவதாகச் சொன்னார். மறுவாரம் புதன்கிழமை உங்கள் அலுவலகத்துக்கு வரச் சொன்னீர்கள்.

வேறு எந்த வீட்டிலும் ஒருவர் அந்தப் புதன்கிழமை வரை வாயைத் திறக்காமல் இருந்திருப்பார். எங்கள் மருமகன் வியாழக்கிழமையே என்னிடம் வந்தார். பெரியவருக்கு முதலில் சொல்லிவிட வேண்டும் என்ற மரியாதை. உள் அறைக்குள் வராமல் வாசற்படியிலேயே நின்றார்.

"மாமா, அது மச்சானோட கை மாதிரிதான் தெரியுது. தொண்ணூறு பங்கு உறுதி. வெளிச்சத்துல பார்த்தா முழுசாச் சொல்லிடுவேன்."

"சொல்லித்தான் ஆகணுமா?" என்று கேட்டேன்.

"அந்தம்மா தன் வீட்டுக்காரர் தப்புன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாங்க மாமா. எனக்குச் சோறு எறங்கலை."

நான் கோபப்படவில்லை. மூன்று தலைமுறை முத்திரை அது. என் மகன் சிறைக்குப் போவான், போய்விட்டு வருவான். ஆனால் முத்திரை போனால் போனதுதான். அதைக் காட்டிக்கொடுப்பது நீலம் விழுந்த ஒருவராக இருந்தாலாவது வீட்டுக்குள் நடந்த நியாயம் என்று சொல்லிக்கொள்ளலாம். வெளி மேசையிலிருந்து வரும் வார்த்தைக்கு எப்படித் தலைகுனிவது?

அதையே அவரிடம் சொன்னேன். மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமனாரைச் சுட்டுவிடுங்கள், வீட்டு ஆளாக நின்று சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன், நீங்கள் சொல்வதற்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன் என்றேன்.  கண்ணைப் பற்றி நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. வெடிமருந்தைப் பாதியாகக் குறைத்துத் தோட்டா செய்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"அப்புறம் உள்ளே வந்து உட்காரலாமா மாமா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

உட்காரலாம் என்றேன்.

சனிக்கிழமை துப்பாக்கியைச் சுவரிலிருந்து இறக்கிக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டினேன். தோட்டாக்களும் செய்தேன். மருந்தைக் குறைக்கவில்லை.

குவாரியில் என் தம்பி வழக்கம்போலக் கேலி பேசினான். பல்லை முன்கூட்டியே கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளச் சொன்னான்.  எதற்காக இது நடக்கிறது என்று என் மகனுக்குத் தெரியாது. வீட்டுச் சமாதானம் என்று நினைத்திருந்தான். மகளும் அப்படித்தான் நினைத்தாள். அவள் முகத்தில் பதினோரு வருடமாக நான் பார்க்காத ஒரு தெளிவு இருந்தது. ஆனாலும் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"மருந்து பாதிதாம்மா" என்றேன்.

அவர் நன்றாகவே நின்றார். காலை அகட்டி, உடம்பை முன்னால் சாய்த்து, கட்டையைத் தோள் குழியில் சரியாகப் பொருத்தினார். கண்ணை மூடவில்லை. எங்கள் வீட்டில் இதைச் சுட்டவர்களில் பாதிப் பேர் கண்ணை மூடியவர்கள்; என் மகனும் மூடினான். அவர் முன்விசையை இழுத்தார். இரண்டு குழலும் ஒன்றாகப் போயின.

இரண்டு உதையையும் ஒன்றாக இதுவரை யாரும் வாங்கியதில்லை. அவர் தூக்கி எறியப்பட்டு மல்லாந்து விழுந்தார். கன்னம் கிழிந்திருந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்ததைப் பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனால் துப்பாக்கியைக் கையிலிருந்து விடவில்லை. காவலாளி ஓடிவந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை வாங்கினான். மகள் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டாள். தேநீர் ஃபிளாஸ்க் உருண்டுபோய்க் கல்லிடுக்கில் கிடந்தது. நான் அதை எடுத்து மூடியைத் திருகினேன்.

"திரை மாதிரி ஒண்ணு எறங்குது" என்றார் அவர். "மேலேர்ந்து எறங்குது."

இரண்டு அறுவை சிகிச்சை செய்தார்கள். வலது கண் வரவில்லை. இனி வராது.

மூன்றாம் நாள் அவரைப் பார்க்கப் போனேன். மகள் எழுந்து வெளியே போய்விட்டாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் இடது கண்ணால் என் உருவத்தைத் தேடிப் பிடித்தார்.

"மாமாவா?"

"நான்தான்."

"நீலம் விழுந்திருக்கா மாமா? எனக்குத் தெரியலை. இவளைக் கேட்டா அழுவுறா."

சட்டையை விலக்கிப் பார்த்தேன். தோளிலிருந்து மார்பு வரை பரவியிருந்தது. இத்தனை வருடத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. "நல்லா விழுந்திருக்கு மாப்பிள்ளை" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் நிம்மதி இருந்தது. என் வாயிலிருந்து அந்த வார்த்தை முதல்முறையாக வந்தது. மனதாரத்தான் சொன்னேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டபோது அவர் என்ன சொன்னார் என்பது உங்களுக்கே தெரியும். பார்த்து உறுதி செய்யாததை எழுதித் தரக் கூடாது ஐயா, என்னால் இனி பார்க்க முடியாது என்றார். தொண்ணூறு பங்கு அவருக்குப் போதாது. அந்த நேர்மை அவரிடம் இருப்பது எனக்கு முன்பே தெரியும். அதை நம்பித்தான் இருந்தேன். நான் சொன்ன சொல்லையும் காப்பாற்றினேன். கூடவே நின்றேன், எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. விசாரணை முடிந்துவிட்டது. முத்திரை அப்படியே இருக்கிறது. மாப்பிள்ளை இப்போது உள் அறையில்தான் உட்காருகிறார். ஜன்னல் பக்கத்து நாற்காலி அவருக்கு. வேலை எதுவும் செய்ய முடியாது. திருகாணிகளைக் கையால் தடவித் தடவி அளவுவாரியாகப் பிரித்துவைக்கிறார். தவறு வருவதில்லை.

மகள் என்னிடம் பேசுவதில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூடிவைத்துவிட்டுப் போவாள். ஒரே ஒருமுறை கேட்டாள்: "டாக்டர் எழுதின காகிதம் உங்ககிட்டதானே இருந்துச்சு?" என்னிடம்தான் இருக்கிறது என்றேன். இந்த மனுவோடு இணைத்திருக்கிறேன்.

எல்லாம் முடிந்த பிறகு எதற்காக இதை எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். மனசாட்சி என்று நினைத்துவிட வேண்டாம். எனக்குத் தூக்கம் நன்றாகவே வருகிறது. ஒரு மாதமாக ஒரு பேச்சு அடிபடுகிறது. காவலாளி டீக்கடையில் சொல்லியிருக்கிறான், கடைக்காரர் வருகிறவர்களிடம் சொல்லியிருக்கிறார், இப்போது வாடிக்கையாளர்களே என்னிடம் துக்கம் விசாரிக்கிறார்கள். அது பழைய துப்பாக்கியாம். உள்ளே கொக்கி தேய்ந்துபோயிருந்ததாம். பட்டறை வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்தத் துப்பாக்கியையே கவனிக்காமல் விட்டதால் இரண்டு குழலும் ஒன்றாக வெடித்துவிட்டதாம்.

அது உண்மையல்ல. கொக்கி தேயவில்லை. சனிக்கிழமை மதியம் கதவைச் சாத்திவிட்டுப் பின்விசையின் கொக்கியை நானே அராவினேன். பதினோரு இழுப்பு. பத்தில் நிறுத்தியிருந்தால் முதல் உதைக்கு அது நழுவியிருக்காது. பன்னிரண்டு ஆகியிருந்தால் தோளில் வைப்பதற்கு முன்பே வெடித்திருக்கும். அந்த அளவு என் மகனுக்கு வராது. எங்கள் சுவரில் பழுதான துப்பாக்கி தொங்கியதே இல்லை.